விளக்கு நின்ற இடம்: அமெரிக்க ஜாஸ் ஒளிப்படங்களில் இசைக்கருவியும் ஃபிளாஷ் ஒளியும் (1938–1960)

ஆய்வுச்சுருக்கம்

1938 முதல் 1960 வரை அமெரிக்காவின் கிழக்கு நகரங்களில் எடுக்கப்பெற்ற ஜாஸ் ஒளிப்படங்கள் இன்று இசை வரலாற்றின் முதன்மைச் சான்றுகளாக ஆளப்படுகின்றன. புகை சூழ்ந்த இருண்ட கூடம், அதனிடையே ஒளிரும் பித்தளைக் கருவி, பக்கவாட்டில் வெளிச்சம் பட்ட முகம் ஆகியவை அக்கால இசையரங்குகளின் இயல்பான தோற்றமாகவே கருதப்படுகின்றன. அத்தோற்றத்தின் பெரும்பகுதி, ஃபிளாஷ் விளக்கைக் கேமராவிலிருந்து பிரித்து வேறிடத்தில் வைத்ததன் விளைவு என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. வில்லியம் காட்லீப், ஹெர்மன் லெனர்ட், ஃபிரான்சிஸ் உல்ஃப் ஆகிய மூவரின் பணிகள் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. ஒளிப்படத்தைச் சான்றாகக் கொள்ளும் வரலாற்றாய்வாளர், படத்தில் உள்ள பொருளைப் படிப்பதற்கு முன் விளக்கு எங்கே இருந்தது என்பதைப் படித்தறிய வேண்டும் என்பது இக்கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: ஜாஸ், ஒளிப்பட வரலாறு, ஃபிளாஷ் ஒளி, சாக்சஃபோன், சான்றாய்வு, புளூ நோட்

முன்னுரை

தேய்ந்த கல்வெட்டொன்றை நண்பகல் வெயிலில் நேர்நின்று நோக்கினால் எழுத்துகள் புலப்படுவதில்லை. காலையிலோ மாலையிலோ ஒளி சாய்வாக விழும்போது அதே கல்லில் எழுத்தின் பள்ளங்கள் நிழலால் நிரம்பி வரிவடிவம் துலங்குகிறது. களப்பணியில் ஈடுபட்ட கல்வெட்டாய்வாளர் அனைவரும் அறிந்த செய்தி இது. கல் மாறவில்லை, ஒளி வரும் திசையே மாறியது. படிக்கப்படும் பொருளைப் போலவே அதன்மீது விழும் ஒளியும் சான்றின் ஒரு பகுதியாகிறது.

கல்வெட்டுக்குப் பொருந்தும் இவ்வுண்மை ஒளிப்படத்திற்கும் பொருந்தும். ஆயினும், வரலாற்று நூல்களில் ஒளிப்படங்கள் எடுத்தாளப்படும்போது யார், எங்கே, எப்போது என்னும் மூன்று வினாக்களுக்கே பெரும்பாலும் விடை தேடப்படுகிறது. ஒளி எங்கிருந்து வந்தது என்னும் நான்காம் வினா எழுப்பப்படுவது அரிது. ஜாஸ் இசை வரலாற்றில் இக்குறைபாடு தனி விளைவை உண்டாக்கியுள்ளது. கருப்பின இசைக்கலைஞர்கள் தம் கருவிகளோடு தோன்றும் புகழ்பெற்ற படங்கள், அவ்விசை வாழ்ந்த சூழலின் நேரடிப் பதிவுகளாகவே நூல்களிலும் இசைத்தட்டு உறைகளிலும் அருங்காட்சியகங்களிலும் இடம்பெறுகின்றன. அப்படங்களில் காணும் இருளும் புகையும் பளபளப்பும் எந்த அளவுக்குக் கூடத்துக்கு உரியவை, எந்த அளவுக்கு விளக்குக்கு உரியவை என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் சிக்கல்.

தூரிகையும் ஒளிப்படமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இசைக்கருவிகளைக் காட்சிப்படுத்தும் பணியில் ஓவியருக்கே முதலிடம் இருந்தது. ஏ.ஜே. ஹிப்கின்ஸ் 1888இல் வெளியிட்ட அரிய இசைக்கருவிகள் பற்றிய நூலுக்கு வில்லியம் கிப் என்னும் ஓவியர் வண்ணப்படங்கள் வரைந்தார். தென்னிந்திய இசை குறித்து சி.ஆர். டே எழுதி 1891இல் இலண்டனில் வெளிவந்த நூலில் உள்ள கருவிப் படங்களும் அதே ஓவியரின் கைவண்ணமே. வீணையின் குடத்தில் படரும் மெருகும் தந்த வேலைப்பாட்டின் வெண்மையும் தூரிகையால் பதிவாயின. அக்காலத்தில் ஒளிப்படம் பரவலாகியிருந்தும் இத்தகைய நூல்கள் ஓவியத்தை நாடியதற்கு வண்ணம் முதற்காரணம். மெருகேறிய வளைபரப்பு மற்றொரு காரணமாக இருந்திருக்கலாம். மெருகிட்ட மரமும் தேய்த்த பித்தளையும் தம் எதிரே உள்ளவற்றைக் கண்ணாடிபோல் திருப்பிக் காட்டுவன. ஓவியர் வேண்டாத மினுக்கத்தை விலக்கி, வேண்டியதை வரையலாம். ஒளிப்படக் கலைஞருக்கு அவ்வுரிமை இல்லை. அவர் ஒளியின் திசையைத் தம் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகே அது அவருக்கு வாய்த்தது.

ஒளி கைக்கு வந்த வரலாறு

செயற்கை ஒளியின் கணநேர வீச்சில் படம் எடுக்க முடியும் என்பதை 1851இல் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் இலண்டனில் செய்துகாட்டினார். விரைந்து சுழலும் சக்கரத்தில் ஒட்டப்பட்ட செய்தித்தாளை மின்பொறியின் ஒளியில் அவர் தெளிவாகப் படமாக்கினார். அது ஆய்வகச் செயலாகவே நின்றது. 1860களில் மெக்னீசிய உலோகத்தை எரித்து ஒளி பெறும் முறை நடைமுறைக்கு வந்தது. 1865இல் சார்லஸ் பியாசி ஸ்மித் எகிப்தின் பெரிய பிரமிடின் உட்புறத்தை மெக்னீசிய ஒளியில் படமெடுத்தார். 1887இல் அடால்ஃப் மீத்தே, யோகன்னஸ் கெடிக்கே என்னும் செருமானியர் இருவர் மெக்னீசியத்தோடு பொட்டாசியம் குளோரேட்டு முதலியவற்றைக் கலந்து ஃபிளாஷ் தூளை உருவாக்கினர். அது வெடிபோல் எரிந்து அறையைப் புகையால் நிரப்பியது, தீவிபத்துக்கும் வழிவகுத்தது. ஓர் இசை நிகழ்ச்சியின் நடுவே அதனைப் பயன்படுத்துவது இயலாத செயல்.

1929இல் செருமனியில் விற்பனைக்கு வந்த ஃபிளாஷ் பல்பு இந்நிலையை மாற்றியது. உயிர்வாயு நிரப்பிய கண்ணாடிக் குமிழுக்குள் மெல்லிய அலுமினியத் தகடு மின்னூட்டத்தால் எரிந்தது. வெளியே புகை வரவில்லை; ஓசையும் இல்லை. ஒரு பல்பு ஒருமுறைக்கே பயன்பட்டது. அடுத்த படத்துக்கு முன் சூடான பல்பைக் கழற்றிப் புதியதைப் பொருத்த வேண்டும். 1930களின் தொடக்கத்தில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஹரால்டு எட்ஜர்டன், மின்தேக்கியில் சேமித்த மின்னாற்றலை வாயுக்குழாய் வழியே ஒரே கணத்தில் வெளியேற்றும் முறையை வளர்த்தெடுத்தார். இதுவே மின்னணு ஃபிளாஷின் அடிப்படை. இவ்விளக்கு திரும்பத் திரும்பப் பயன்படும். இதன் வீச்சுக் காலமும் பல்பினுடையதைவிட மிகக் குறுகியது. அக்கழகத்தில் மின்பொறியியல் பயின்று எட்ஜர்டனுடன் பணியாற்றிய ஜான் மிலி என்னும் அல்பேனியர், 1940களின் தொடக்கத்தில் தாளக்கலைஞர் ஜீன் குரூப்பாவின் கோல்கள் காற்றில் செல்லும் பாதையை ஒரே படத்தில் அடுத்தடுத்த ஒளிவீச்சுகளால் பதித்தார். இசைக்கருவியின் வாசிப்பும் இப்புதிய ஒளியும் சந்தித்த முதன்மையான நிகழ்வுகளுள் அதுவும் ஒன்று.

ஒளியின் அளவும் காலமும் இவ்வாறு கட்டுக்குள் வந்தன. எஞ்சியது ஒளியின் இடம். பல்பும் மின்னணு விளக்கும் கம்பியால் கேமராவோடு இணைக்கப்பட்டவை; கம்பியின் நீளம் அனுமதிக்கும் எவ்விடத்திலும் விளக்கை வைக்கலாம். செய்தித்தாள் படக்காரர்களிடம் பெருவழக்காக இருந்த ஸ்பீட் கிராஃபிக் கேமராவில், மின்கலங்கள் அடங்கிய குழாய்வடிவப் பிடியும் அதன் தலையில் கிண்ணம்போன்ற எதிரொளிப்பானும் பக்கவாட்டில் பொருத்தப்பட்டிருந்தன. அப்பிடியைக் கழற்றிக் கையில் உயர்த்திப் பிடிப்பது எளிது. இச்சிறு கையசைவே ஜாஸ் படங்களின் தோற்றத்தை மாற்றியது.

பித்தளையும் கோணமும்

கேமராவை ஒட்டிய விளக்கு இசைக்கருவிக்கு ஏன் பொருந்தவில்லை என்பதை ஒளியியலின் இரு எளிய விதிகள் விளக்கும். படுகோணமும் மீள்கோணமும் சமம் என்பது முதல் விதி. கேமராவுக்கு நேர் எதிரே உள்ள பளபளப்பான பரப்பு, கேமராவிலிருந்து சென்ற ஒளியை அதே வழியில் திருப்பியனுப்பும். சாக்சஃபோன் கூம்பு வடிவக் குழாய். அதன் முனை நாகசுரத்தின் அணசு போல விரிந்து மேல்நோக்கி வளைந்திருக்கும். இத்தகைய வளைபரப்பின் ஏதேனும் ஓரிடம் கேமராவை நேர்நோக்கியே தீரும். அவ்விடத்தில் வெண்ணிறப் புள்ளியொன்று வெடித்தாற்போல் பதியும். அதைச் சுற்றியுள்ள பித்தளை, இருண்ட அறையை எதிரொளிப்பதால் கருத்துப்போகும். விசைகள், கம்பிகள், பொறிப்பு வேலைகள் ஆகியவை இவ்விரண்டு முனைகளுக்கும் இடையே மறையும். டபுள் பாசின் மெருகிட்ட முகப்பலகையிலும் பியானோவின் கரிய மூடியிலும் இதுவே நிகழும்.

விளக்கைப் பக்கத்துக்கோ பின்னுக்கோ நகர்த்தினால் வெண்புள்ளி குழாயின் ஓரத்துக்கு விலகி, அதன் நீளத்தைத் தொடர்ந்து ஓடும் ஒளிக்கோடாக நீள்கிறது. அக்கோடு குழாயின் வளைவைக் காட்டுகிறது. கருவி தட்டையான உருவாக இல்லாமல் திரண்ட உருவாகக் கண்ணுக்குப் படுகிறது. இசைப்பவரின் முகத்துக்கும் இது பொருந்தும். கருநிறத் தோலின் வடிவத்தைப் படத்தில் துலக்குவதில் அதன்மேல் படியும் மென்மையான மினுக்கத்துக்குப் பெரும்பங்கு உண்டு. நேரொளி அம்மினுக்கத்தை நெற்றியிலும் மூக்கிலும் திட்டுத்திட்டாக்கி முகத்தைத் தட்டையாக்கும். சாய்வொளி கன்னத்தின் வளைவையும் ஊதும்போது இறுகும் தசைகளையும் வரைந்து காட்டும். முகமும் பித்தளையும் ஒரே ஒளிமுறையை வேண்டி நின்றன என்பது இங்குக் கருதத்தக்கது.

தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் ஒளியின் செறிவு குறையும் என்பது இரண்டாம் விதி. எடுத்துக்காட்டாக, விளக்கு கலைஞரிடமிருந்து 1 மீட்டர் தொலைவிலும் பின்சுவரிலிருந்து 4 மீட்டர் தொலைவிலும் இருப்பின், சுவர்மீது விழும் ஒளி கலைஞர்மீது விழுவதில் 16இல் ஒரு பங்கே. அச்சுப்படியில் அச்சுவர் ஏறத்தாழக் கருமையாகும். படத்தில் காணும் இருளைக் கொண்டு அறை இருண்டிருந்தது என முடிவுகட்ட இயலாது என்பதற்கு இக்கணக்கே போதிய சான்று.

காட்லீப்: சில பல்புகளின் சிக்கனம்

1917இல் புரூக்ளினில் பிறந்த வில்லியம் காட்லீப் அடிப்படையில் எழுத்தாளர். 1930களின் இறுதியில் வாஷிங்டன் நகர நாளிதழொன்றில் ஜாஸ் பற்றிய பத்தி எழுதிவந்தார். இரவு நிகழ்ச்சிகளுக்குப் படக்காரரை அனுப்பும் செலவு ஏற்கப்படாத நிலையில், தாமே ஸ்பீட் கிராஃபிக் கேமரா வாங்கிப் படமெடுக்கப் பழகினார். படச்சுருளும் பல்பும் அவர் கைப்பணம். ஆகவே, ஓரிரவில் மூன்று அல்லது நான்கு படங்களுக்கு மேல் எடுப்பதில்லை என்பது அவர் வழக்கமாயிற்று. போருக்குப்பின் நியூயார்க்கில் டவுன் பீட் இதழில் பணியாற்றியபோதும் 1948இல் அத்துறையை விட்டு விலகும்வரையிலும் இச்சிக்கனம் அவர் படங்களின் இயல்பை வகுத்தது.

பல்பின் சிக்கனம், இசையைக் கேட்டறிந்த பிறகே ஒளியை வீசும் கட்டாயத்தை உண்டாக்கியது. 1947இல் திரீ டியூசஸ் அரங்கில் சார்லி பார்க்கரும் மைல்ஸ் டேவிசும் இணைந்து வாசிப்பதையும், அதே ஆண்டில் மின்டன்ஸ் பிளேஹவுசில் தெலோனியஸ் மங்க் பியானோவின்முன் அமர்ந்திருப்பதையும் காட்டும் படங்கள் இவ்வகையின. இவற்றில் கூடம் முழுவதும் கரைந்துபோவதில்லை. கருவிகளோடு அருகிலுள்ள கலைஞர்களும் அரங்கின் பொருள்களும் பதிவாகியுள்ளன. காட்லீப்பின் படங்கள் செய்தியாளரின் படங்கள். யார் யாரோடு எங்கே வாசித்தார் என்பதை அவை அறிவிக்கின்றன. 1938 முதல் 1948 வரை அவர் எடுத்த ஏறத்தாழ 1,600 படங்களின் தொகுதியை 1995இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் வாங்கியது. அவர் விருப்பத்தின்படி 2010இல் அவை பொதுவுடைமையாயின. இன்றைய ஆய்வாளருக்குத் தடையின்றிக் கிடைக்கும் பெருந்தொகுதி இதுவே.

லெனர்ட்: பின்னிருந்து வந்த ஒளி

1923இல் பென்சில்வேனியாவின் ஆலன்டவுனில் பிறந்த ஹெர்மன் லெனர்ட் வேறுவகைப் பயிற்சி பெற்றவர். ஒகையோ பல்கலைக்கழகத்தில் ஒளிப்படக்கலை பயின்றபின், கனடாவின் ஆட்டவா நகரில் உருவப்படக் கலைஞர் யூசுஃப் கார்ஷிடம் ஓராண்டு உதவியாளராக இருந்தார். விளக்குகளை எண்ணி வைத்து முகத்தைச் செதுக்குவதுபோல் படமெடுக்கும் முறை கார்ஷினுடையது. 1948இல் நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜ் பகுதியில் படநிலையம் தொடங்கிய லெனர்ட், அம்முறையை இசையரங்குகளுக்குக் கொண்டுசென்றார். அரங்க உரிமையாளர்களுக்குத் தம் அச்சுப்படிகளைக் கொடுத்து, அதற்கு ஈடாக உள்ளே நுழையும் உரிமை பெற்றார்.

இரண்டு ஃபிளாஷ் விளக்குகளே அவர் கருவித்தொகுதி. அரங்கில் ஏற்கெனவே இருந்த விளக்குகளின் அருகே அவற்றைப் பொருத்துவது அவர் கையாண்ட உத்தி. அரங்கொளியின் திசையை மாற்றாமல் அதன் வலிமையை மட்டும் கூட்டுவது இதன் நோக்கம். விளக்குகளுள் ஒன்று கலைஞருக்குப் பின்னே அமைவதால் தோள், தொப்பி, கருவி ஆகியவற்றின் விளிம்புகள் இருளிலிருந்து பிரிந்து தெரியும். 1948இல் ராயல் ரூஸ்ட் அரங்கில் எடுத்த டெக்ஸ்டர் கார்டனின் படம் இம்முறையின் பெரும்புகழ் பெற்ற எடுத்துக்காட்டு. கார்டன் வாசிக்கவில்லை, டெனர் சாக்சஃபோனை மடியில் தாங்கி, சிகரெட் பிடித்தவாறு அமர்ந்திருக்கிறார். அவரைச் சூழ்ந்து புகை மேலெழுகிறது. இப்படம் எடுக்கப்பட்டது நிகழ்ச்சியின்போதன்று. ஒத்திகையின்போது என்பது குறிப்பிடத்தக்கது.

புகையே இங்கு முதன்மையான தடயம். புகையின் நுண்துகள்கள் தம்மீது விழும் ஒளியின் பெரும்பகுதியை முன்னோக்கிச் சிதறடிக்கின்றன. ஆகவே, விளக்கு புகைக்குப் பின்னால் இருந்து கேமராவை நோக்கி வீசும்போது புகை வெண்முகிலாய்த் திரள்கிறது. விளக்கு கேமராவின் பக்கத்தில் இருப்பின் அதே புகை மங்கலாகவே பதியும். அரங்கில் புகை இருந்தது உண்மை. ஆனால் அது படத்தில் ஒரு பாத்திரமாக உயர்ந்தது பின்னொளியின் செயல். பிற்காலத் திரைப்படங்களும் விளம்பரங்களும் ஜாசுக்கே உரிய அடையாளமாகப் படியெடுத்த அப்புகை, வரலாற்றுச் சூழலின் பதிவாக இருக்கும் அளவுக்கு விளக்கு நின்ற இடத்தின் பதிவாகவும் இருக்கிறது.

லெனர்ட் 1956இல் எடுத்த மற்றொரு படத்தில் ஆளே இல்லை. லெஸ்டர் யங்கின் தொப்பி, சாக்சஃபோன் பெட்டி, புட்டியின்மீது புகைந்துகொண்டிருக்கும் சிகரெட் ஆகியவை மட்டும் உள்ளன. இசைஞரின் உடைமைகள் இசைஞருக்காக நிற்கும் இப்படம், கருவியைப் பொருளாகக் காட்டும் அருங்காட்சியகப் படங்களிலிருந்து முற்றிலும் வேறுபட்டது. அருங்காட்சியகப் படம் கருவியின் அளவையும் அமைப்பையும் அறியத் தருவது. இப்படம் கருவிக்கும் அதற்குரியவருக்கும் உள்ள உறவைக் காட்டுவது. 2005இல் நியூ ஆர்லியன்சைத் தாக்கிய கத்ரீனா புயலில் லெனர்டின் ஏறத்தாழ 8,000 அச்சுப்படிகள் அழிந்தன. நெகட்டிவ்கள் முன்னரே அருங்காட்சியகக் காப்பறைக்கு மாற்றப்பட்டதால் எஞ்சின.

உல்ஃப்: கை நீட்டிய தொலைவு

ஃபிரான்சிஸ் உல்ஃப் பெர்லினில் பிறந்த யூதர். நாஜி ஆட்சியிலிருந்து தப்பி 1939இல் நியூயார்க் வந்தடைந்து, இளமை நண்பர் ஆல்ஃபிரட் லயன் அவ்வாண்டில் தொடங்கிய புளூ நோட் இசைத்தட்டு நிறுவனத்தில் இணைந்தார். ஒளிப்படம் அவர் முன்பே அறிந்த தொழில். நிறுவனத்தின் ஒலிப்பதிவுகளின்போது அவர் தொடர்ந்து படமெடுத்தார். பதிவுக்கு முந்தைய ஒத்திகைக்கும் கலைஞர்களுக்கு ஊதியம் அளிப்பது புளூ நோட்டின் வழக்கம். அதனால் அவசரமற்ற நேரமும் கலைஞர்களின் நம்பிக்கையும் உல்ஃபுக்கு வாய்த்தன.

உல்ஃபின் முறை லெனர்டினுடையதைவிட எளியது. ரோலிஃபிளெக்ஸ் கேமராவை ஒரு கையில் வைத்துக்கொண்டு, கம்பியால் இணைந்த ஃபிளாஷ் விளக்கை மறுகையில் நீட்டிப் பிடிப்பார். விளக்குக்கும் வில்லைக்கும் இடையே இருந்தது ஒரு கையின் நீளமே. ஆனால் கலைஞருக்கு மிக அருகில் நின்று படமெடுத்தமையால் அந்நீளமே போதிய கோணத்தைத் தந்தது. ஒளி ஒருபுறமிருந்து வந்து முகத்திலும் கருவியிலும் நின்றுவிடுகிறது. பின்னணி கருமையில் மூழ்குகிறது.

அக்கருமைக்குப் பின்னே இருந்த இடம் எது என்பது கவனிக்கத்தக்கது. 1950களில் புளூ நோட் பதிவுகள் பெரும்பாலும் நியூ ஜெர்சியின் ஹாக்கன்சாக்கில் நிகழ்ந்தன. ஒலிப்பொறியாளர் ரூடி வான் கெல்டர், தம் பெற்றோர் வீட்டின் கூடத்தையே பதிவரங்காக மாற்றியிருந்தார். 1957 செப்டம்பர் 15இல் ஜான் கோல்ட்ரேன் தம் புளூ டிரெயின் இசைத்தட்டைப் பதிவுசெய்தது அங்கேதான். உல்ஃபின் படங்களில் நள்ளிரவு அரங்குபோல் தோன்றும் இருள், புறநகர்க் குடும்பமொன்றின் வீட்டுக்கூடத்தில் ஒளிவிதியால் உண்டான இருள். 1959இல் வான் கெல்டர் எங்கிள்வுட் கிளிஃப்சில் உயர்ந்த கூரையுடைய புதிய பதிவரங்கு அமைத்தார். கட்டடத்தின் இயல்பு அடியோடு மாறியும் உல்ஃபின் படங்களில் இருள் தொடர்ந்தது. இருள் அறைக்கு உரியதன்று, விளக்குக்கு உரியது என்பதற்கு இத்தொடர்ச்சி வலுவான சான்றாகும்.

1956 முதல் புளூ நோட் உறைகளை வடிவமைத்த ரீட் மைல்ஸ், இப்படங்களைக் கடுமையாக வெட்டிச் சுருக்கினார். ஒற்றை வண்ணச் சாயம் ஏற்றினார். கரும்பின்னணி எழுத்துக்கு இடம் தந்தது. புளூ டிரெயின் உறையில் கோல்ட்ரேனின் படம் நீலமாயிற்று. படக்காரரின் விளக்கு அறையை நீக்கியது. வடிவமைப்பாளரின் கத்தி எஞ்சியதையும் குறைத்தது. உறையைக் கையில் ஏந்தியவர் கண்டது, எவ்விடத்தையும் சாராத ஓர் இசைஞரையும் அவர் கருவியையும் மட்டுமே.

கருவி தரும் சான்று

இவ்வாறு நோக்குவது அப்படங்களின் சான்று மதிப்பைக் குறைப்பதாகாது. கருவியைப் பொறுத்தவரை, பிரிந்து நின்ற விளக்கு நேரொளியைவிட மிகுதியான செய்திகளைப் பாதுகாத்துள்ளது. இதற்கு இரு சான்றுகள் காட்டலாம்.

டிஸ்ஸி கில்லெஸ்பியின் டிரம்பெட் 1953 சனவரியில் நியூயார்க் அரங்கொன்றில் தற்செயலாக நசுங்கி, அதன் வாய் மேல்நோக்கி வளைந்தது. அவ்வோசை அவருக்குப் பிடித்துப்போகவே, பின்னர் அவ்வடிவிலேயே கருவிகளைச் செய்வித்துக்கொண்டார். ஆகவே, மேல்வளைந்த டிரம்பெட்டுடன் அவர் காணப்படும் நாள் குறிக்கப்படாத படம் எதுவும் அத்திங்களுக்கு முற்பட்டதாக இருக்க இயலாது. நேரான கருவியோடு காணப்படும் படம் பிற்பட்டதாகவும் இருக்கலாம் என்பதால் இவ்விதி ஒருவழிப்பட்டது. கருவியின் விளிம்புவடிவைத் தெளிவாக்கும் ஒளியமைப்பு இத்தகைய காலக்கணிப்புக்குத் துணைசெய்கிறது.

இரண்டாவது, சார்லி பார்க்கரின் நெகிழிச் சாக்சஃபோன். 1953 மே 15இல் டொரன்டோவின் மாசே ஹால் அரங்கில் அவர் வாசித்தது, இங்கிலாந்தில் செய்யப்பட்ட கிராஃப்டன் என்னும் வெண்மைசார்ந்த அக்ரிலிக் கருவி. கருப்பு–வெள்ளைப் படத்தில் பித்தளைக் கருவியையும் நெகிழிக் கருவியையும் வேறுபடுத்துவது நிறம் அன்று. ஒளி அவற்றின்மேல் நடந்துகொள்ளும் முறையே. பித்தளையில் கூர்மையான ஒளிக்கோடுகளும் அவற்றையடுத்து ஆழ்ந்த கருமையும் தோன்றும். அக்ரிலிக் உடலில் ஒளி பரவிச் சீரான வெண்மை தோன்றும். உலோக விசைகள் மட்டும் மினுங்கும். படத்தின் ஒளியைப் படிக்கத் தெரிந்தவர் கருவியின் பொருளையும் படித்தறியலாம்.

விளக்கு செல்லாத இடங்கள்

இப்படங்கள் காட்டாமல் விட்டவை எவை என்னும் வினா எஞ்சுகிறது. 1940 முதல் 1967 வரை நியூயார்க் நகரில் மது விற்கும் அரங்குகளில் வாசிப்பதற்குக் காவல்துறை வழங்கும் காபரே அட்டை கட்டாயமாக இருந்தது. கைரேகை பதிந்தே அதனைப் பெறவேண்டும். வழக்குகளில் சிக்கியோரின் அட்டை பறிக்கப்பட்டது. 1947இல் பில்லி ஹாலிடே அதனை இழந்தார். 1951இல் இழந்த தெலோனியஸ் மங்க் 1957இல்தான் திரும்பப் பெற்றார். இடைப்பட்ட ஆண்டுகளில் நகரின் அரங்குகளில் அவர் வாசிக்க இயலவில்லை. ஒலிப்பதிவு செய்வதற்குத் தடையில்லை. 1952 மே மாதத்தில் புளூ நோட்டுக்காக அவர் செய்த பதிவு இத்தடைக்காலத்தில் நிகழ்ந்ததே.

ஒளிப்பட வரலாற்றுக்கு இதன் பொருள் தெளிவு. விளக்கு எங்கே நிற்கலாம் என்பதைப் படக்காரர் முடிவுசெய்தார். ஆனால் இசைஞர் எங்கே நிற்கலாம் என்பதைச் சட்டம் முடிவுசெய்தது. ஒரு கலைஞரின் சில ஆண்டுகளுக்குப் பதிவரங்குப் படங்கள் கிடைத்து, நகர அரங்குப் படங்கள் கிடைக்காமற்போனால், அவ்வெற்றிடத்தைப் படக்காரரின் விருப்பமாகவோ கலைஞரின் ஒதுங்கும் இயல்பாகவோ விளக்குவது பிழையாகும்.

கருமையாக்கப்பட்ட பின்னணியும் இவ்வாறே இருபொருள் தருகிறது. கைரேகை கேட்டு ஐயத்தோடு நோக்கிய அரசின் பார்வைக்கு எதிராக, லெனர்டும் உல்ஃபும் கருப்பினக் கலைஞர்களைத் தொழில் தேர்ந்தவர்களாக, சிந்தனையில் ஆழ்ந்தவர்களாக, கருவியோடு ஒன்றியவர்களாகக் காட்டினர். இது அப்படங்களின் பேறு. ஆயினும் அதே இருள், அவர்கள் எந்த அறையில், எந்த ஊதியத்துக்கு, எவர்முன் வாசித்தனர் என்பதையும் மறைத்தது. உழைப்பின் சூழல் மறைந்த இடத்தில் தனிமையும் புகையும் நிறைந்த தொன்மம் குடிபுகுந்தது. அத்தொன்மத்தைப் படக்காரர்கள் திட்டமிட்டு உருவாக்கினர் என்று கூறுவதற்கில்லை. படங்களைச் சூழலிலிருந்து பிரித்து ஆண்ட பிற்காலமே அதற்குப் பெரிதும் பொறுப்பு.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படும் கருத்துகள் வருமாறு. முதலாவதாக, ஃபிளாஷ் பல்பும் மின்னணு ஃபிளாஷும் ஒளியின் அளவையும் காலத்தையும் கட்டுக்குள் கொணர்ந்தன; ஜாஸ் படங்களின் தனித்தோற்றம் ஒளியின் இடத்தைக் கேமராவிலிருந்து பிரித்த செயலால் அமைந்தது. இரண்டாவதாக, அப்படங்களின் புகையும் இருளும் கூடத்தின் நேர்ப்பதிவுகள் அல்ல. பின்னொளியாலும் தொலைவின் கணக்காலும் விளைந்தவை. மூன்றாவதாக, அதே ஒளிமுறை கருவியின் வடிவையும் பொருளையும் பற்றிய செய்திகளைத் துல்லியமாகக் காத்துள்ளது. ஆகவே, ஒரே படம் கருவிக்கு நம்பத்தக்க சான்றாகவும் அறைக்கு நம்பத்தகாத சான்றாகவும் இருக்கக்கூடும். நான்காவதாக, படங்களின் இன்மைக்குச் சட்டமும் காரணமாகலாம்.

மூலநூலுக்கு உரையெழுதியவர் ஒரு பொருளைத் துலக்கும்போது மற்றொன்று பின்னுக்குச் செல்வதை இலக்கிய ஆய்வாளர் அறிவர். அதனால் அவர் உரையை விலக்குவதில்லை, உரையாசிரியர் நின்ற இடத்தை அறிந்து பயன்கொள்கிறார். ஒளிப்படத்தில் விளக்கு ஆற்றுவது அத்தகைய பணியே. பித்தளையின்மேல் வெண்கோடு எப்பக்கத்தில் ஓடுகிறது, நிழல் எத்திசையில் விழுகிறது, புகை வெளிறித் தெரிகிறதா மங்கித் தெரிகிறதா என்னும் மூன்று குறிகளைக் கொண்டே விளக்கு நின்ற இடத்தைப் பெரும்பாலும் கணித்துவிடலாம். இசை வரலாற்றில் மட்டுமன்றி, ஒளிப்படத்தைச் சான்றாகக் கொள்ளும் எவ்வாய்விலும் இக்கணிப்பு முதற்படியாக அமைதல் வேண்டும்.